முந்தி ஏறிய கொடி

கொடி ஏறிவிட்டது. முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாயிற்று, மூன்றாவது தடவையும் பார்க்கலாம், ஆனால் நிக்சன் அண்ணன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். இல்லை, வேண்டாம். உள்ளே வந்துவிட்டேன். கப்பலை ஓட்டும் அறைக்கு பிரிட்ஜ் என்று பெயர், அப்பாவுக்குப் போனில் சொன்னபோது பாலமா என்று கேட்டார், பாலம் இல்லை அப்பா, உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதில் நான் நிற்பேன் என்றேன், உட்காரமாட்டியா என்றார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் காவல். கூட நிக்சன் அண்ணன், குளச்சல்காரர், கண்காணிப்புக்கும் சுக்கான் பிடிக்கவும். தலைக்கு மேலே வலப்பக்கக் கயிற்றில் புதுக் கொடி படபடவென்று அடிக்கிறது, கண்ணாடி மூடியிருந்தும் கேட்கிறது. ஒரு நாட்டின் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்காக வலப்பக்கம் ஏற்றவேண்டும், எழுதாமலே எல்லாரும் செய்கிற வழக்கம், அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. கொடிகள் மூன்றாம் அதிகாரியின் பொறுப்பு. மூன்றாம் அதிகாரி நான். அந்த நாட்டுக் கடலுக்குள் நுழைந்த பிறகு ஏற்றினால் போதும், பிற்பகல்தான் நுழைவோம், ஆனால் பிற்பகல் துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் வருவார், ஆம்புலன்ஸ் படகு வரும், ஸ்ட்ரெச்சர் இறக்கவேண்டும், அந்த அவசரத்தில் கொடியை மறந்துவிட்டால் என்ன செய்வது. அதனால் இப்போதே ஏற்றிவிட்டேன். ஒரு வேலை முடிந்தது. அப்படித்தான் நான். கவுன்சிலிங்குக்கு ஒரு நாள் முன்னதாகவே போய் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்கள் நாங்கள், அப்பாவும் நானும். நேரங்காலத்தோட போயி நின்னுக்கடா, பெறகு எவனும் நம்மள ஒரு வார்த்தை கேக்க முடியாது. விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை தூக்குகிறவர், அவர் சட்டையில் முகம் வைத்துப் படுத்திருந்தேன், இரவெல்லாம் தும்மல். திரவியம் அண்ணன்கூடக் கிண்டல் செய்வார், தேர்ட் சாரு சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முந்தியே தட்டத் தூக்கிட்டு வந்துருவாரு என்று. இப்போது அவர் கீழே ஆஸ்பத்திரி அறையில் காலை மடக்கிப் படுத்திருக்கிறார், கிண்டல் செய்யவில்லை.

ஞானதிரவியம், இன்ஜின் ரூமில் எண்ணெய் போடும் ஆயிலர், உடன்குடிப் பக்கம். வலது அடிவயிற்றில் வலி. இரண்டு நாள் மறைத்துவைத்திருந்திருக்கிறார், சொன்னால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நேற்று ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சாட்டிலைட் போனில் பேசிய டாக்டர் குடல்வால் என்றார், வெடிப்பதற்குள் கத்தி வைக்கவேண்டும், இன்றைக்குள் கரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். இன்றைக்குள் என்றால் இன்றைக்குள்தான். எப்போதும் போகிற வழியில் போனால் பவளப்பாறைகளைச் சுற்றி நாளைக் காலை ஆகிவிடும். குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடும் ஒரு தீவை ஒட்டி. கேப்டன் மிராண்டா வரைபடத்தின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நெடுநேரம் நின்றார், பிறகு உள்வழியாப் போவோம் என்றார். கம்பெனியிடம் கேட்டால் வேண்டாம் என்பார்கள், போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தூத்துக்குடிக்காரர், குரலை உயர்த்தாதவர். தீவுக்கு வரைபடத்தில் இரண்டு பெயர், நடுவில் ஒரு சாய்கோடு. மேற்கில் இருக்கும் நாடு ஒரு பெயர் வைத்திருக்கிறது, கிழக்கில் இருக்கும் நாடு இன்னொன்று. நாங்கள் போவது மேற்கின் துறைமுகத்துக்கு. நேற்று கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "தம்பி, ரேடியோவுல எவன் என்ன கேட்டாலும் கடந்து போறோம்னு மட்டும் சொல்லு. தீவு பேரை வாயில எடுக்காத. ரெண்டுல எதைச் சொன்னாலும் நீ ஒருத்தன் பக்கம் சேந்துருவ." சரி சார் என்றேன். அதிலிருந்து மனசுக்குள்கூட அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை, நாடுகளின் பெயர்களையும் சொல்வதில்லை, தூக்கத்தில் வாய் தவறி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கிழக்கு. மேற்கு. அது. அவ்வளவுதான்.

அது இப்போது தெரிகிறது. வலப்பக்கம், அடிவானத்தில் ஒரு பல் மாதிரி. வெள்ளையாக இருக்கிறது, பறவை எச்சம் என்கிறார் நிக்சன் அண்ணன், கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல். குடிக்கத் தண்ணீர் இல்லை, மரம் இல்லை, ஓர் ஆள் படுக்க நிழல் இல்லை. "ஆளு இல்லாத பாறைக்கு ரெண்டு மாப்பிள்ளைமாரு, சாரே," என்றார். நான் சிரிக்கவில்லை, ரேடியோ திறந்திருக்கிறதோ என்று பார்த்தேன், பித்தானை அழுத்தினால்தான் வெளியே கேட்கும், தெரியும், இருந்தாலும் பார்த்தேன். யார் முதலில் வந்தது என்பதுதான் அவர்கள் சண்டை. எங்கள் மீனவர்கள்தான் முதலில் கால் வைத்தார்கள் என்று மேற்கு. அதற்கும் முன்பே எங்கள் கப்பல் இங்கே நங்கூரமிட்டது என்று கிழக்கு. முதல் என்றால் சும்மாவா. எனக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, முதல் தலைமுறைப் பட்டதாரி, வாங்குவதற்குக் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நானும் அப்பாவும் நின்றோம், உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால யாருமே படிக்கலையா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார், அப்பா யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், செத்துப்போன சித்தப்பாக்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துவிட்டு, யாருமில்லைங்கய்யா என்றார், ஏதோ தப்பை ஒத்துக்கொள்கிற குரலில். முதலாக இருப்பது என்றால் முன்னால் ஆள் இல்லை என்பதுதான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. கொடியை எப்போது ஏற்றவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எப்போது ஏற்றக்கூடாது என்று.

எப்போது ஏற்றக்கூடாது என்று. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது. தலைக்கு மேலே படபட, நான் அண்ணாந்து பார்த்தேன், கூரைதான் தெரிந்தது, அந்த நேரத்தில்தான் ரேடியோ பேசியது. மராகாட்டாம், மராகாட்டாம். எங்கள் கப்பலின் பெயர் மரகதம். பெண் குரல், ரொம்ப மரியாதையான ஆங்கிலம், பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற மாணவி மாதிரி. கிழக்கின் கடலோரக் காவல். நீங்கள் எங்கள் கடலுக்குள் இருக்கிறீர்கள் என்றது. கடந்து போகிறோம் என்றேன். சரியாகச் சொல்லிவிட்டேன், அப்பாடா, கை பிசுபிசுத்தது, மைக்கைக் கால்சட்டையில் துடைத்தேன். ஆனால் குரல் போகவில்லை. எங்கள் கடலில் நின்றுகொண்டு வேறொரு நாட்டின் கொடியை ஏற்றியிருக்கிறீர்கள், இது அந்த நாட்டின் உரிமையை நீங்கள் ஏற்பதாகும், உடனே இறக்குங்கள், தயவுசெய்து. அந்தத் தயவுசெய்து என் கழுத்தில் விழுந்தது. முன்னால், இடப்பக்கத்தில், வெள்ளைக் கப்பல் ஒன்று, எப்போது வந்தது. நிக்சன் அண்ணன் என்னைப் பார்த்தார். கேப்டனைக் கூப்பிட்டிருக்கவேண்டும், முதலில் அதைத்தான் செய்திருக்கவேண்டும், போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என் தப்பை அவர் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது, இறக்கிவிட்டால் இல்லாத மாதிரிதானே, ஓர் அரை நிமிட வேலை. வெளியே ஓடினேன். காற்று கன்னத்தில் அறைந்தது. முடிச்சு வரவில்லை, இரண்டு தடவை இழுத்துப் பார்த்த முடிச்சு, நகம் வைத்துப் பிரித்தேன், கயிறு உள்ளங்கையில் ஓடியது, கொடி இறங்கத் தொடங்கியது, பாதிக்கு வந்திருக்கும். திறந்த கதவு வழியாக இன்னொரு குரல். மாரக்தம், மாரக்தம். ஆண் குரல், சளி பிடித்த குரல், அதுவும் மரியாதையாகத்தான். மேற்கின் கடலோரக் காவல். எங்கள் தேசியக் கொடியை நீங்கள் கீழே இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கடலில், எங்கள் துறைமுகத்துக்கு வரும் வழியில். இதை அவமதிப்பாகப் பதிவு செய்ய நேரிடும். வலப்பக்கத்தில் இன்னொரு வெள்ளைக் கப்பல். கை நின்றுவிட்டது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அங்கேயே கட்டினேன். உள்ளே வந்தேன், நிக்சன் அண்ணன் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரே," என்றார் மெதுவாக, "அரைக் கம்பத்துல நிக்குது. யாரும் சாவலியே."

யாரும் சாகவில்லை. யாரும் சாகவில்லை. போனை எடுத்துக் கேப்டனைக் கூப்பிட்டேன், உடனே வாங்க சார் என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவர் கீழே திரவியம் அண்ணனிடம் இருந்திருக்கிறார், உடம்பில் டெட்டால் வாடையோடு வந்தார், இரண்டு வெள்ளைக் கப்பல்களையும் பார்த்தார், வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். "எவன் ஏத்துனது?" நான்தான் சார். "எதுக்கு இப்பவே?" முன்னாடியே தயாராக இருக்கலாம் என்று. அதைச் சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது, பத்து வயதுப் பையன் சொல்கிற காரணம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அப்பாவின் முதலாளி மூட்டை சரிந்தால் தாயை இழுத்துத் திட்டுவார், திட்டி முடித்துவிட்டால் வேலை தொடரும், அப்பா குனிந்து மூட்டையைத் தூக்குவார். இங்கே வேலை தொடரவில்லை. அப்படியே விட்டுரு என்றார் கேப்டன், தொடாதே. ரேடியோ முன்னால் போய் நின்றார். கிழக்கின் கப்பல் எங்கள் முகப்புக்குக் குறுக்கே வந்து வேகத்தைக் குறைத்தது, மோதாமல் இருக்க நாமும் குறைத்தாகவேண்டும், குறைத்தோம், காலடியில் இன்ஜினின் நடுக்கம் அடங்கி அடங்கி ஒரு முனகலாக ஆயிற்று. இந்த வேகத்தில் போனால் இன்றைக்குள் இல்லை. இன்றைக்குள் என்றால் இன்றைக்குள்தான் என்று அந்த டாக்டர். அவர் எங்கேயோ ஒரு நகரத்தில் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேப்டன் கடைசியில் மறைக்காமல் சொன்னார், கப்பலில் ஒரு நோயாளி, அறுவை சிகிச்சை அவசரம், வழி விடுங்கள். இரண்டு பக்கமும் அமைதி. எனக்கு உயிர் வந்தது, மனிதர்கள்தானே, இப்போது விலகுவார்கள், கொடியை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. சண்டை கொடியிலிருந்து திரவியம் அண்ணன் மேலே இறங்கியது, அவ்வளவுதான். கிழக்கு சொன்னது, எங்கள் கடலில் ஆபத்தில் இருப்பவரை மீட்பது எங்கள் கடமை, கப்பலில் டாக்டர் இருக்கிறார், உங்களைவிட மூன்று மடங்கு வேகம், மாலைக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம், ஆனால் முதலில் அந்தக் கொடி முழுதாக இறங்கவேண்டும். மேற்கு சொன்னது, எங்கள் கடலில் மீட்பு எங்கள் பொறுப்பு, எங்களிடமும் டாக்டர் இருக்கிறார், ஆனால் நோயாளியை வேறு எவரிடமும் தரமாட்டோம் என்று நீங்கள் சொல்லவேண்டும், கொடி பழைய உயரத்துக்குப் போகவேண்டும். ஹெலிகாப்டர்? இந்தத் தீவுக்கு மேலே இரண்டு பேரும் பறப்பதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடாம். மேற்கு ஒரு படகை இறக்கியது, கிழக்கின் கப்பல் அதற்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றது. கிழக்கு ஒரு படகை இறக்கியது, மேற்கு அதையே செய்தது. நாங்கள் நடுவில். இரண்டு தளத்திலும் ஆட்கள் நின்று எங்களை வீடியோ எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுக்கிறார்கள், நாளை ஏதோ ஒரு பெரிய மேஜையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்ப்பார்கள், பாதிக் கம்பத்தில் கொடி, கயிற்றைப் பிடித்தபடி ஒல்லியான ஓர் இந்தியப் பையன், நிறுத்தி, திரும்ப ஓட்டி, இதோ இறக்கினான், இல்லை இதோ நிறுத்தினான். நான் நிறுத்தியதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாட்டு வெளியுறவு அமைச்சகமும் எழுதும். பயம் என்று எழுதுவார்களா. பயத்துக்கு அவர்கள் மொழிகளில் என்ன வார்த்தை. கேப்டன் பேசுகிறார், அதே வாக்கியத்தை இருவருக்கும் ஒரே மாதிரி, ஒருவரிடம் ஒரு சொல் கூடிவிடாமல் எடைபோட்டுப் பேசுகிறார், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாணவிக் குரலும் சளிக் குரலும் மாறி மாறி. நன்றி கேப்டன். புரிகிறது கேப்டன். எங்கள் நிலைப்பாடு மாறவில்லை கேப்டன். நான் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். தீவு இப்போது நேர் வலப்பக்கம், கிட்டத்தில், பறவைகள் எழும்பி எழும்பி உட்கார்கின்றன. உட்காரும் பறவையிடம் யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. இது அசட்டு எண்ணம். கல்லூரிக் கவிதைப் போட்டியில் எழுதுகிற எண்ணம். திரவியம் அண்ணனை நினை.

அவரையே நினைத்துக்கொண்டிருக்கையில் போன் மணி. கீழேயிருந்து செகண்ட் ஆபீசர் தாமஸ், அவர்தான் காலையிலிருந்து திரவியம் அண்ணன் பக்கத்தில் இருக்கிறார். குரலில் சந்தோஷம். வலி நின்றுவிட்டதாம். திடீரென்று, சுத்தமாக. காலை நீட்டிப் படுத்திருக்கிறாராம், தண்ணீர் கேட்கிறாராம், தேர்ட் சாரு சாப்பிட்டாச்சா என்று கேட்டாராம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சுவரில் தலையைச் சாய்த்தேன், சரியாகிவிட்டது, தாமஸ் போட்ட ஊசி வேலை செய்திருக்கிறது, இனி கொடி என்ன ஆனால் என்ன, நின்றாலும் நின்றுவிட்டுப் போகலாம், நாளை போகலாம். கேப்டனிடம் சொன்னேன், சார், வலி நின்னுட்டுதாம். மைக் அவர் கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்பு பார்த்ததில்லை. "வெடிச்சுட்டுதுல," என்றார். எனக்குப் புரியவில்லை. வெடிக்கும்வரைதான் அந்த வலி, வெடித்துவிட்டால் சற்று நேரம் சுகமாக இருக்கும், பிறகு விஷம் வயிறு முழுக்கப் பரவும் என்று மெதுவாகச் சொன்னார், அவருடைய தம்பியை அப்படித்தான் பறிகொடுத்தாராம். சந்தோஷம் இன்னும் என் கன்னத்தில் ஈரமாக இருந்தது, துடைக்கக்கூட வெட்கமாக இருந்தது. தேர்ட் சாரு சாப்பிட்டாச்சா. தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்று சொல், ஆபரேஷனுக்கு முன்னால் கூடாது என்று கத்தினார் கேப்டன், இன்று அவர் உயர்த்திய ஒரே குரல், நான் போனில் தாமஸிடம் கத்தினேன், கொடுக்காதீங்க, கொடுக்காதீங்க. ரேடியோவில் பெண் குரல் எங்கள் பதிலுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது. கேப்டன் மைக்கை மாட்டிவிட்டார். "நம்ம போட்டை எறக்கு," என்றார். மீட்புப் படகும் மூன்றாம் அதிகாரியின் பொறுப்பு. மாதாமாதம் இறக்கி ஏற்றிப் பார்ப்பேன், சொன்ன தேதிக்கு முந்தின நாளே பார்த்துவிடுவேன். சின்ன ஆரஞ்சு நிறப் படகு, அதற்குக் கொடி கிடையாது. "அவன் போட்டு இங்க வரவிடமாட்டான், இவன் போட்டையும் விடமாட்டான். நாம போறத எவன் தடுக்கான்னு பாப்போம். நீயும் நிக்சனும் போங்க." எந்தப் பக்கம் சார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன், கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. "எவன் ஏணி எறக்குதானோ அவன்கிட்ட." கொடி சார் என்றேன். "கொடிய நான் பாத்துக்கிடுதேன். நீ ஆளப் பாரு."

படகு இறங்குகிறது. கம்பி கிறீச்சிடுகிறது, கப்பலின் பக்கவாட்டுச் சுவர் துருப்பிடித்து மேலே மேலே போகிறது, நான் கீழே கீழே. திரவியம் அண்ணனை ஸ்ட்ரெச்சரில் கட்டி என் கால்களுக்கு நடுவில் வைத்திருக்கிறோம், முகம் மஞ்சளாக, வியர்வை இல்லாமல். வலி இல்ல சாரு, எதுக்கு இந்த ஆட்டம், ரெண்டு நாள் படுத்தா சரியாயிரும், வீட்டுக்கு அனுப்பிராதீங்க என்கிறார். பேசாதீங்க அண்ணே. கொக்கி விட்டது, அலை எங்களைத் தூக்கியது, நிக்சன் அண்ணன் இன்ஜினை உசுப்பினார். மேலேயிருந்து பார்த்தபோது நீலமாகத் தட்டையாக இருந்த கடல் இங்கே மலையாக இருக்கிறது, ஏறினால் இரண்டு வெள்ளைக் கப்பலும் தெரிகிறது, இறங்கினால் தண்ணீர்ச் சுவர் மட்டும். சுக்கான் என் கையில். இடுப்பில் கைரேடியோ, அதிலும் இரண்டு குரல்கள். ஆரஞ்சுப் படகு, ஆரஞ்சுப் படகு, நீங்கள் எந்த நாட்டின் உதவியைக் கோருகிறீர்கள். ஆரஞ்சுப் படகு, எங்களை நோக்கி வாருங்கள், உங்கள் நோக்கத்தைத் தெரிவியுங்கள். மேற்கின் கப்பல்தான் கிட்டத்தில். நாங்கள் போகவேண்டிய துறைமுகம் அவர்களுடையது, சரக்கு அவர்களுடையது, அவர்களை விட்டு எதிராளியிடம் போனால் கப்பலை உள்ளே விடுவார்களா, என் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும், இனி எந்தக் கம்பெனியும். அப்பா. அப்பாவுக்குப் போனில் எப்படிச் சொல்வேன். அலை மேலே ஏறினோம். மேற்கின் தளத்தில் ஆறேழு பேர், வீடியோ, சைகை காட்டுகிறார்கள், வா வா என்று. ஏணி இல்லை. சொல்லுங்கள், பிறகு இறக்குகிறோம் என்று ரேடியோ. இறங்கினோம். தண்ணீர்ச் சுவர். திரவியம் அண்ணன் வாய் அசைகிறது, குனிந்தேன், கை கால் குளுருது சாரு. ஏறினோம். கிழக்கின் கப்பல், தூரத்தில், அங்கேயும் வீடியோ, ஒருவன் கேமராவைத் தோளில் வைத்திருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் கயிற்று ஏணி ஒன்று விழுந்து தண்ணீரில் அடித்துக்கொண்டிருக்கிறது. கொடி பாதியில் நிற்கும்போதே. யார் சொல்லி இறக்கினார்களோ, சொல்லாமலே இறக்கினார்களோ. இறங்கினோம்.

சுக்கானைத் திருப்பினேன். கை திருப்பியது, நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நிக்சன் அண்ணன் இன்ஜினை முழுதாக முடுக்கினார். சளிக் குரல் உடனே வந்தது, ஆரஞ்சுப் படகு, நீங்கள் தவறான திசையில் போகிறீர்கள், இதன் விளைவுகளுக்கு. மாணவிக் குரல் உடனே வந்தது, நன்றி, எங்கள் கடலில் எங்கள் உதவியை நீங்கள் ஏற்றுக்கொண்டதை உறுதிப்படுத்துங்கள். ரேடியோவை எடுத்தேன். இரண்டு பேரும் கேட்கிற அலைவரிசை. என் குரல் எப்படி வந்ததென்று தெரியவில்லை, சான்றிதழ் வாங்க நின்ற அப்பாவின் குரலாகத்தான் வந்திருக்கவேண்டும். நோயாளி பெயர் ஞானதிரவியம், வயது நாற்பத்தொன்று, குடல்வால் வெடித்திருக்கிறது, தண்ணீர் கொடுக்கவில்லை என்றேன். உறுதிப்படுத்துங்கள் என்றது. நோயாளி பெயர் ஞானதிரவியம் என்றேன். எந்த நாட்டின் என்றது. வயது நாற்பத்தொன்று என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தேன், மரகதம் சின்னதாக நின்றது, கொடி நான் விட்ட இடத்திலேயே, அதற்குக் கீழே கேப்டன் கயிற்றைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாருடைய கேமராவுக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சுவர் எங்கள் மேல் சாய்கிற மாதிரி வந்தது. ஏணி. பிடித்தேன், வழுக்கியது, நிக்சன் அண்ணன் பிடித்தார். உயிர்காப்புச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள், ரேடியோவில் பேசியவளா என்று தெரியவில்லை, கடைசிப் படியில் ஒரு காலை ஊன்றிக் குனிந்து, அலை எங்களைத் தூக்கிக் கொடுத்த ஒரு நொடியில் திரவியம் அண்ணனின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பலகை மாதிரி இருந்திருக்கும், அவள் முகம் மாறியது. என்னிடம் கேட்டாள், வலி எப்போது நின்றது. நான் அவளையே பார்த்தேன். தீவைப் பற்றியோ கொடியைப் பற்றியோ இல்லாத கேள்வி, பதில் எனக்குத் தெரிந்த கேள்வி. சொன்னேன். அவள் அண்ணாந்து அவர்கள் மொழியில் ஏதோ கத்தினாள். மேலே நின்றவன் தோளிலிருந்த கேமராவைத் தளத்தில் வைத்துவிட்டு, கம்பியின் மேல் வயிற்றை அமுக்கிக் குனிந்து, இரண்டு கைகளையும் எங்களை நோக்கி நீட்டினான்.